மரம் விழக் காத்திருந்தோம்

ஆற்றங்கரையில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நான், பாப்பம்மா, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஐயா, துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். எங்களுக்கு எதிரே ஒரு மரம். அது விழ வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தோம்.

மத்தியான வெயில். ரப்பர் பால் வாடை இன்னும் கையைவிட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். கிராணி ஐயா குடையை விரித்துப் பிடித்திருந்தார். வெயிலுக்குப் பிடித்தாரா, மரத்துக்குப் பிடித்தாரா என்று தெரியவில்லை.

"அஞ்சல, இது விழுமா? இல்ல நம்மளப் பாத்து இதுவும் ஒக்காந்துக்குமா?" என்றாள் பாப்பம்மா.

"விழும்."

"எப்போ?"

"விழறப்போ."

குடைக்குள்ளிருந்து கிராணி ஐயா சொன்னார். "வெள்ளிக்கிழமைக்கு முன்னம் விழவேணும். அதுக்குப் பிறகு விழுந்து பிரயோசனம் இல்லை."

அது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் அந்த மரம் விழாவிட்டால் என் வீட்டுக்காரரைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

கம்பி வேலி

மலாயாவில் அவசரகாலம். வருஷம் சரியாக நினைவில்லை. ரந்தாவிலிருந்து கோலா சாவா போகிற பக்கம் எங்கள் தோட்டம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுக்காரர்கள் இருந்தார்கள். அவர்களைப் பிடிக்க முடியவில்லை. அதனால் எங்களைச் சுற்றி வேலி போட்டார்கள்.

ஒரே ஒரு கேட். விடிந்தால் திறப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் மூடுவார்கள். வெளியே மாட்டிக்கொண்டால் சுட்டாலும் கேட்க ஆளில்லை.

காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். பால் வெட்டப் போகும்போது சோற்றுப் பொட்டலம் கூடாது. வெறும் வயிற்றோடு மரம் சீவ வேண்டும். கடையில் சார்டின் டின் வாங்கினால் கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். வைத்திருந்தால் கெட்டுவிடும். அதுதான் கணக்கு.

கேட்டில் உடம்பைத் தடவிப் பார்ப்பதற்கு ஒரு பெண் போலீஸ் வந்தார். பாப்பம்மா பெரிய உடம்புக்காரி. இடுப்பில் கைவைத்து அந்த அம்மா சந்தேகமாக அழுத்திப் பார்த்தார்.

"அது அரிசி இல்ல தாயி. நான்தான்" என்றாள் பாப்பம்மா.

இப்படி இருந்த காலத்தில் எங்களுக்குக் கறிக்கு ஒரு வழி இருந்தது. ஆறு.

மரத்தைத் தின்னும் ஆறு

ஆறு என்றால் பெரிய ஆறு இல்லை. பெரியவர்கள் நாலைந்து பேர் கை கோத்து நின்றால் அகலம் முடிந்துவிடும். சுங்கை என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் ஆறு என்போம். வேறு ஆறு நாங்கள் பார்த்ததில்லை.

மேட்டில் எல்லாம் ரப்பர் மரம். ஆற்றின் இரண்டு பக்கமும் மட்டும் கொஞ்சம் பச்சைக்காட்டை வெள்ளைக்காரன் விட்டுவைத்திருந்தான். எங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை. அங்கே சதுப்பு. ரப்பர் வராது.

அந்தக் காட்டு மரங்கள் நேராக நிற்காது. உள்ளே இருட்டு. ஆற்றுக்கு மேலேதான் வெளிச்சம். அதனால் எல்லா மரமும் ஆற்றுப் பக்கம் தலையை நீட்டும். ஆறு வளைகிற இடத்தில் தண்ணீர் கரையை அடியில் அரிக்கும். வேர்கள் வெளியே தொங்கும், குளித்துவிட்டு வந்த பெண்ணின் தலைமயிர் மாதிரி. அப்புறம் ஒரு நாள் மேலே மலையில் மழை பெய்யும். தண்ணீர் ஏறும். மரம் விழும். எங்கே விழும்? சாய்ந்திருக்கிற பக்கம்தான். தண்ணீரில்தான்.

சில மரம் கிழமாகி, உள்ளே மக்கி விழும். சிலது காற்றில். பெரிய மரம் ஒன்று விழும்போது சின்னது நாலைந்தைக் கூட இழுத்துக்கொண்டு வரும். விழுந்ததில் சிறியதையெல்லாம் அடுத்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய்க் கீழே ஒரு வளைவில் சேர்த்துவைக்கும். எந்த மாதமும் ஆற்றில் புது மரம் இல்லாமல் இருந்ததில்லை.

மரம் விழுந்தால் ஆறு கெட்டுப்போகும் என்று நினைக்கக் கூடாது. குறுக்கே கிடக்கிற கட்டை, எங்களை மேய்க்கிற மண்டோர் மாதிரி. தான் அசையாது. தண்ணீரை வேலை வாங்கும். தண்ணீர் கட்டை மேல் ஏறிக் குதித்து அந்தப் பக்கம் குழி தோண்டும். அந்தக் குழியில் இடுப்பளவு நிற்கும். வெயில் காலத்தில் மற்ற இடமெல்லாம் கணுக்கால்தான், அங்கே மட்டும் இடுப்பு. இந்தப் பக்கம் இலையும் குப்பையும் சேரும். குப்பையில் இறால். இறாலைத் தின்னக் கெளுத்தி. கெளுத்தியைத் தின்ன விரால். விராலைத் தின்ன நாங்கள்.

குளிப்பதும் அங்கேதான். துணி துவைப்பதும் அங்கேதான். அரிசியை அளக்கலாம். கெளுத்தியை யாரும் அளக்க முடியவில்லை.

என் சேலை கிழிந்தது

அந்த மாதம் ஒரு மரம் விழுந்தது. எங்கள் துறையிலேயே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, கோடு கிழித்த மாதிரி. துவைப்பதற்கு இதைவிட நல்ல கட்டை கிடைக்காது. ஆனால் மேலெல்லாம் கிளை. முதல் நாளே என் சேலை மாட்டிக் கிழிந்தது.

அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்தக் கெளையக் கழிச்சு விடுங்க. ரெண்டு சீலதான் இருக்கு."

அவர் பேர் காத்தான். காண் வெட்டுகிற வேலை. தோட்டத்துத் தண்ணீர் ஓடும் காணெல்லாம், ஆற்றோரம் வரை, அவர் பொறுப்பு. அதிகம் பேச மாட்டார். கல்யாணம் ஆன முதல் மாதம் இவருக்கு வாய் வராதோ என்று நான் பயந்ததுண்டு.

மறுநாள் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கிளையை வழுவழுவென்று கழித்துவிட்டார். மேல் பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாகச் செதுக்கியும் விட்டார். நான் செதுக்கச் சொல்லவில்லை. அது அவர் பிரியம்.

இரண்டு வாரம் ராஜ வாழ்க்கை. வரிசை வீட்டு லயத்துப் பெண்கள் எல்லாரும் அதன் மேல் நின்றுதான் துவைத்தோம்.

அப்போது ரோந்து வந்த போலீஸ் துரை பார்த்துவிட்டார்.

அவர் பார்த்தது வேறு. காட்டிலிருந்து தோட்டத்துக்கு ஒரு பாலம். மேலே செதுக்கி வைத்த பாலம். பாலத்தில் சேறு. சேற்றில் எண்ண முடியாத கால்கள். செருப்பில்லாத கால்கள்.

"கெட்ட கூட்டம் ஒண்டு ஒவ்வொரு நாளும் இதாலை நடந்து வருது எண்டு துரை சொல்லுறார்" என்றார் கிராணி ஐயா.

எங்கள் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷர். பயந்த மனுஷர். துரை பேசினால் எங்களுக்குச் சொல்வார், நாங்கள் பேசினால் துரைக்குச் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் வேர்வையைத் துடைத்துக்கொள்வார்.

"அந்தக் கெட்ட கூட்டம் நாங்கதான்னு சொல்லுங்க ஐயா" என்று பாப்பம்மா முன்னால் வந்தாள். சேற்றில் இருந்த ஒரு சுவட்டின் மேல் தன் காலை வைத்தாள். அளவு சரியாக இருந்தது. "இது நான். அது அஞ்சல. அந்தக் கோணக்காலு மண்டோரு பொண்டாட்டி."

துரை அவள் காலைப் பார்க்கவில்லை. மரத்தைச் செதுக்கியது யார் என்று மட்டும் கேட்டார்.

என் வீட்டுக்காரர் பக்கத்துக் காணில் நின்றுகொண்டிருந்தார். "நான்தான்" என்றார். அவ்வளவுதான். அவர் பேசியதே அபூர்வம். அதுவும் அந்த நேரம் பார்த்துப் பேசினார்.

லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாயை மூடு

நான் ஆபீசுக்கு ஓடினேன். "கழிக்கச் சொன்னது நான்தான் ஐயா. துரைகிட்ட சொல்லுங்க."

கிராணி ஐயா கதவைச் சாத்தினார். "இஞ்ச பார் அஞ்சலை. இப்ப ஒரு ஆள் உள்ளுக்கு. நீ இதைச் சொன்னா ரெண்டு ஆள் உள்ளுக்கு. வாயை மூடு."

"அப்ப அவர என்ன செய்வாங்க?"

"பேப்பர் மேலை போகும். மேலை இருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுவினம்."

என் வீட்டுக்காரர் பிறந்தது மூன்றாவது லயத்தில், கிணற்றை ஒட்டின வீட்டில். இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவரைத் திருப்பி அனுப்புவார்களாம்.

அன்றைக்கு நான் அழவில்லை. பாப்பம்மா எனக்கும் சேர்த்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "நீ போயி தொரையப் பாரு. நானும் வாரேன்" என்றாள்.

மறுநாள் போலீஸ் துரை தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். வெள்ளை முகம் வெயிலில் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது. நான் சொன்னேன். மரத்தை யாரும் போடவில்லை. அது தானாக விழுந்தது. கிளையை மட்டும்தான் அவர் வெட்டினார், நாங்கள் துவைப்பதற்காக.

கிராணி ஐயா மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். துரை ஏதோ கேட்டார்.

"மரம் தானா விழுந்தா ஏன் சரியா குறுக்காலை விழுந்தது எண்டு கேக்கிறார்."

"ஆத்தோரத்து மரம் வேற எப்படி விழும்? எல்லாம் ஆத்துப் பக்கந்தான் சாஞ்சிருக்கு. மழைக்கு மழை விழுது. போன மாசம் ரெண்டு. அதுக்கு முந்தி ஒன்னு."

துரை சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. கிராணி ஐயாவின் முகம் மாறியது.

"அப்பிடியெண்டா அடுத்தது எது விழும் எண்டு கேக்கிறார்."

கேலிக்குத்தான் கேட்டார். நான் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. "வாங்க, காட்றேன்" என்றேன்.

துறைக்கு நாலு பாகம் தூரம் மேலே ஒரு வளைவு. அங்கே ஒரு கோண மரம். பாதி வேர் வெளியே. பின்பக்கத்து மண்ணில் விரல் நுழைகிற வெடிப்பு. "இதுதான்" என்றேன்.

துரை மரத்தைச் சுற்றி வந்தார். பூட்ஸ் காலால் ஒரு உதை உதைத்தார். அசையவில்லை. பிறகு சொன்னார். ஒரு வாரம் மரத்துக்குக் காவல் போடுவார். யாரும் தொடக் கூடாது. தானாக விழுந்தால் காத்தான் வீட்டுக்கு வரலாம். வெள்ளிக்கிழமை வரை விழாவிட்டால் பேப்பர் மேலே போகும்.

துரை போனதும் பாப்பம்மா மரத்தின் காதில் சொல்வதுபோலச் சொன்னாள். "கேட்டுச்சா? மானத்த வாங்கிடாத."

காவல்

காவலுக்கு வந்தவர் ஹசான். பக்கத்து மலாய்க் கிராமத்துக்காரர், அவசரகாலத்துக்காகப் போலீஸில் சேர்ந்தவர். சின்ன வயதிலிருந்து தோட்டத்துப் பக்கம் திரிந்ததால் எங்கள் தமிழ் பேசுவார். ஒரு மரத்துக்குத் துப்பாக்கி பிடித்து நிற்கச் சொன்னார்களே என்று முதல் நாள் அவருக்கு வெட்கம். இரண்டாம் நாள் கொஞ்சம் மேலே தள்ளி, இரண்டு மரங்களுக்கு நடுவில் கோணிச்சாக்கில் ஒரு தொட்டில் கட்டிப் படுத்துக்கொண்டார். அங்கிருந்து கோண மரம் நன்றாகத் தெரியும்.

காலையில் பால் வெட்டுவோம். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் துணி மூட்டையோடு நேரே ஆறு. கிராணி ஐயாவையும் தினம் வந்து பார்த்து எழுதச் சொல்லியிருந்தார் துரை. அவர் நோட்டில் எழுதியது எல்லா நாளும் ஒன்றுதான். மரம் நிற்கிறது.

ஒரு சொட்டு மழை இல்லை. அந்த வருஷத்து வெயில் எல்லாம் அந்த வாரம் வந்து சேர்ந்துவிட்டது.

லயமே மரத்தைப் பற்றித்தான் பேசியது. ஒருவர் யானை கொண்டுவரலாம் என்றார். ஒருவர் எல்லாரும் சேர்ந்து தும்மலாம் என்றார். பாப்பம்மா கோவிலுக்குப் போய்ப் பூசாரியிடம் மரம் விழ ஒரு பூசை போடச் சொன்னாள்.

"மழைக்கு இருக்கு. மாட்டுக்கு இருக்கு. புள்ளைக்கு இருக்கு. மரம் விழறதுக்கு மந்திரம் இல்லம்மா" என்றார் பூசாரி.

"அப்ப மழைக்கே போடுங்க. மிச்சத்த அது பாத்துக்கும்."

பூசை நடந்தது. மழை வரவில்லை.

மூன்றாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இப்போது இல்லை. அதனால் சொல்கிறேன்.

துணி துவைப்பதைக் கோண மரத்தின் அடிக்கு மாற்றிக்கொண்டேன். கைகள் மேலே துவைக்கும். குதிகால் தண்ணீருக்குள் வேருக்கு அடியில் மண்ணைச் சுரண்டும். ஒரு துணிக்கு ஒரு குத்து மண். அன்றைக்கு வீட்டில் இருந்த எல்லாத் துணியையும் துவைத்தேன். மறுநாள் பாப்பம்மா வீட்டுத் துணியையும் வாங்கி வந்து துவைத்தேன். அழுக்கில்லாத துணியையும் துவைத்தேன்.

ஹசான் தொட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் என் காலடியில் மட்டும் கலங்கிப்போய் ஓடியது.

"அக்கா, சோப்பு ரொம்ப போடுற. தண்ணி சாக்லட் கலரு ஆயிடுச்சி."

"துணி அழுக்கு தம்பி."

"ஆமாலா. ரொம்ப அழுக்கு." அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவ்வளவு செய்தும் அந்தச் சனியன் பிடித்த மரம் அசையவில்லை. ஐந்தாம் நாள் அதில் புதுத் துளிர் விட்டிருந்தது.

வியாழக்கிழமை

கடைசி நாள். மேலே சொன்னேனே, நாலு பேர் வரிசையாக உட்கார்ந்தோம் என்று, அது அன்றைக்குத்தான். ஹசானும் கொஞ்ச நேரம் எங்களோடு உட்கார்ந்திருந்தார். பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு தொட்டிலுக்குப் போனார்.

வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் ஆற்றின் நிறம் மாறியது. முதலில் இலைகள் வேகமாக வந்தன. பிறகு நுரை. பிறகு தண்ணீர் செம்மண்ணாகி ஏறியது. எங்கேயோ மேலே மலையில் மழை. எங்களுக்கு ஒரு சொட்டு இல்லை, தண்ணீர் மட்டும் வந்தது.

நான் எழுந்து நின்றேன். பாப்பம்மா கையைப் பிசைந்தாள். கிராணி ஐயா குடையை மடக்கினார். மூன்று பேரும் கோண மரத்தையே பார்த்தோம். தண்ணீர் அதன் வேரில் மோதியது. மரம் நின்றது. தண்ணீர் வேருக்கு மேல் ஏறியது. மரம் நின்றது. என் குதிகால் தோண்டிய குழியில் சேறு வந்து அடைத்தது. நான் எடுத்த மண்ணை ஆறு திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

"போச்சு" என்றாள் பாப்பம்மா.

அப்போது மேலே ஒரு சத்தம். பழைய கதவைத் திறக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தோம்.

ஹசான் தொட்டில் கட்டியிருந்த இரண்டு மரத்தில் ஒன்று. அந்தக் கரையில் கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்ற ஒரே மரம். அதை யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. அது மெதுவாக, அவசரமே இல்லாமல், ஆற்றுக்குத் தலை வணங்கியது. தொட்டிலும் கூடப் போனது. தொட்டிலில் ஹசானும் போனார். தூங்குகிற ஆளை எடுத்துப் படுக்கையில் கிடத்துகிற மாதிரி மரம் அவரைத் தண்ணீரில் கிடத்தியது.

நாங்கள் ஓடினோம். ஹசான் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். துப்பாக்கியை மட்டும் தலைக்கு மேல் பிடித்திருந்தார். முகமெல்லாம் இலை.

முதல் வார்த்தையாக அவர் சொன்னது இதுதான். "நான் தள்ளல அக்கா."

வெள்ளிக்கிழமை

போலீஸ் துரை வந்து மரத்தைப் பார்த்தார். வெட்டு இல்லை. கயிற்றுத் தடம் இல்லை. அடியில் வேர் கறுத்து உளுத்திருந்தது. மரம் ஆற்றின் குறுக்கே, கோடு கிழித்த மாதிரி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.

"அஞ்சலை காட்டின மரம் இது இல்லையே எண்டு கேக்கிறார்."

பாப்பம்மா முந்திக்கொண்டாள்.

"அப்ப தொரையையே கேளுங்க ஐயா. இதச் சாச்சது யாருன்னு. கிட்ட இருந்தது அவரு ஆளு ஒருத்தர்தான்."

கிராணி ஐயா அதை அப்படியே சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ஏதோ சொன்னார். துரை ஹசானைப் பார்த்தார். ஹசான் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். காதோரம் இன்னும் ஒரு இலை ஒட்டியிருந்தது.

துரைக்கு இரண்டு வழிதான். தன் போலீஸ்காரர் பாலம் போட்டார் என்று எழுத வேண்டும். இல்லை, மரம் தானாக விழும் என்று எழுத வேண்டும். இரண்டாவதை எழுதினார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து இறங்கினார். இளைத்திருந்தார்.

"சாப்பிட என்ன இருக்கு?"

"கெளுத்தி."

சாப்பிட்டு முடித்தபின் கேட்டார். "எந்த மரம் விழுந்துச்சு?"

"நேரா நின்னுச்சே, அது."

"அது அடியில செல்லரிச்சுப்போயி ரொம்ப நாளாச்சு."

"தெரியுமா ஒங்களுக்கு? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு கேட்டா?"

எட்டு நாள் அவருக்காக நான் அடக்கிவைத்திருந்த அழுகை கோபமாகத்தான் வந்தது. கழுவிய தட்டை இன்னொரு முறை கழுவினேன்.

இரண்டு துரை, இரண்டு உத்தரவு

நான் ஒன்றை யோசிக்கவில்லை. மரங்கள் தாமாகவே பாலம் போடும் என்று நிரூபித்துவிட்டேன். அப்படியானால் குற்றவாளி மரங்கள்தானே? காட்டிக்கொடுத்தது நான்.

அடுத்த வாரமே போலீஸ் துரையின் உத்தரவு வந்தது. ஆற்றின் இரண்டு பக்கமும் ஒரு மரம் நிற்கக் கூடாது. வெட்டுகிற கும்பலுக்கு யாரைத் தலைவராகப் போட்டார்கள் தெரியுமா? ஆற்றோரம் அவர் பொறுப்புத்தானே. என் வீட்டுக்காரரைத்தான்.

கூடவே தோட்டத்துத் துரையின் உத்தரவு. வெட்டுகிற மரம் மேட்டுப் பக்கம் விழுந்து ஒரு ரப்பர் மரத்தின் பட்டையில் கீறல் விழுந்தாலும் எல்லாரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இரண்டையும் கிராணி ஐயா காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டில் வாசித்தார். என் வீட்டுக்காரர் இரண்டையும் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார்.

பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெட்டில் ஆற்றில் விழுந்த கட்டைகள் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தன. அதுவரை குழியும் இருந்தது, மீனும் இருந்தது. கட்டைகள் ஒவ்வொன்றாக மக்கின. மக்கினதற்குப் பதில் புதிதாக விழ அங்கே மரம் இல்லை. கரை முழுதும் லாலான் புல். புல் விழுந்தால் ஆற்றுக்கு என்ன கிடைக்கும்? கடைசியில் அது ஆறாக இல்லை. என் வீட்டுக்காரர் வெட்டுகிற காண் மாதிரி ஆகிவிட்டது. மழை பெய்தால் ஓடும். நின்றால் காயும்.

பார்வையிட வந்தார்

வெட்டு முடிந்தது என்று சொல்லியனுப்பினார்கள். போலீஸ் துரை பார்வையிட வந்தார். கும்பல் வரிசையாக நின்றது. நாங்கள் பெண்கள் துணி மூட்டையோடு தள்ளி நின்றோம். கிராணி ஐயாவுக்கு அப்போதே வேர்த்துவிட்டது.

துரை கரைக்கு வந்தார். நின்றார்.

கரையில் ஒரு மரம் இல்லை. எல்லாம் ஆற்றில் கிடந்தது. இந்தக் கரை மரம் அந்தக் கரைக்கு. அந்தக் கரை மரம் இந்தக் கரைக்கு. பார்வை போகிற தூரம் வரை, வளைவுக்கு வளைவு, ஒன்றன் பின் ஒன்றாக. ஒரு பாலத்துக்காக ஒரு மனுஷரைக் கப்பலேற்றப் பார்த்தார்கள். இப்போது ஒரு பட்டாளமே கால் நனையாமல் வந்து போகலாம்.

துரையின் கழுத்து சிவந்தது. ஏதோ கேட்டார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏன் எல்லாத்தையும் ஆத்துக்குள்ள போட்டனி எண்டு கேக்கிறார்" என்றார் கிராணி ஐயா. "காத்தான், யோசிச்சுக் கதை."

என் வீட்டுக்காரர் யோசிக்கவில்லை.

"வெட்டச் சொன்னது நீங்க. ரப்பரு மேல விழக்கூடாதுன்னது எங்க தொரை. மரம் ஆகாசத்துல விழாது."

கிராணி ஐயா வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். கடைசியில் சொல்லிவிட்டார்.

பாப்பம்மா என் கையைப் பிடித்தாள். அவள் வாயில் வெற்றிலை இருந்தும் மெல்லவில்லை. லாரி அங்கேயே நின்றது. போன தடவை நின்ற அதே இடத்தில்.

துரை ஒரு கட்டை மேல் ஏறினார். நடந்தார். அந்தக் கரைக்குப் போனார். பிறகு இன்னொரு கட்டை வழியாகத் திரும்பி வந்தார். பூட்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் வீட்டுக்காரருக்கு நேராக வந்து நின்று முகத்தைப் பார்த்தார். இவரும் பார்த்தார்.

துரை ஒரு வார்த்தை சொன்னார். லாரியில் ஏறினார். போய்விட்டார்.

"என்ன ஐயா சொன்னாரு?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"அதைக் கேக்காதையுங்கோ" என்றார் கிராணி ஐயா. "அதைத் தமிழிலை சொல்ல எனக்கு வயசு காணாது."

கும்பல் சிரித்தது. பாப்பம்மா இருமி இருமிச் சிரித்தாள். என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டினார்கள். ஹசான்கூடத் தட்டினார். இவர் பாராங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போகும் வரை துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு இடுப்பு உறையில் செருகப் பார்த்தார், இரண்டு முறையும் நுனி உறைக்கு வெளியே போனது, அதை என்னிடம் நீட்டினார்.

"நீ எடுத்துக்க."

அவர் பாராங்கை யாரிடமும் கொடுக்கிறவர் இல்லை.

வாங்கித் துணி மூட்டைக்குள் செருகிக்கொண்டேன். கேட் மூட இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் வேகமாக நடந்தோம்.